தாராசிங் சிங்கப்பூரில் குஸ்தி போட்டது உண்மைதானா?

உங்கள் தாத்தா இளைஞராக இருந்தபோது கிரேட் வேர்ல்டில் தாராசிங்கின் குஸ்தியைப் பார்த்ததாகச் சொல்லுகிறார் என்றும், தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்தவருக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும் என்று வீட்டில் மற்றவர்கள் அதைச் சிரித்துத் தள்ளிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குஸ்தியெல்லாம் நிஜமா அல்லது முன்பே பேசிவைத்துக்கொண்டு ஆடியதா, ஒரு பயில்வான் எப்படிப் பெரிய நடிகரானார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை எளிது. தாத்தா சொல்வது முழுக்க நம்பத்தக்கது. தாராசிங் தொழில்முறை மல்லராக உருவானதே சிங்கப்பூரில்தான். மற்ற இரண்டும் வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினாலும், குஸ்தி நிஜமா என்பதற்கு ஒழுங்காக விடை சொன்னால் அவர் எப்படி நடிகரானார் என்பதும் அதிலேயே அடங்கிவிடும் என்பது என் கருத்து. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாராசிங் 1928-ஆம் ஆண்டு நவம்பர் 19 அன்று பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் தர்முசக் என்ற சிற்றூரில் பிறந்தார். தீதார் சிங் ரந்தாவா என்பது முழுப்பெயர். விவசாயக் குடும்பம். பஞ்சாபின் கிராமங்களில் குஸ்தி என்பது ஊர்த்திருவிழாவோடும் சந்தையோடும் சேர்ந்த ஒன்று. உழவு முடிந்த பிள்ளைகள் கோதாவின் மண்ணைக் கொத்திப் பதப்படுத்தி, தண்டாலும் பஸ்கியும் எடுத்து, எண்ணெய் பூசிய உடம்போடு ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளிப் பழகுவார்கள். அந்த மண் குஸ்தியில் எதிராளியின் இரண்டு தோள்களும் தரையில் படும்படி மல்லாத்திவிட்டால் வெற்றி. குத்துவதும் உதைப்பதும் கிடையாது. இளம் தாராசிங்கின் உடற்கட்டைப் பார்த்து ஊரார் கோதாவில் இறங்கச் சொன்னார்கள் என்பதில் வியப்பில்லை. வளர்ந்து நின்றபோது அவருடைய உயரம் 6 அடி 2 அங்குலம், எடை 125 கிலோவுக்கு மேல்.

ஆயினும் அவர் மல்லராக வேண்டும் என்று ஊரைவிட்டுக் கிளம்பியவர் அல்லர். பிழைப்புக்காகக் கிளம்பியவர். 1947-ஆம் ஆண்டு வாக்கில் அவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபோது இங்கே பஞ்சாபியர் பல ஆண்டுகளாகவே காவல்துறையிலும், வங்கிகள், கிடங்குகளின் வாசலில் காவலாளிகளாகவும், பால்மாடு வளர்ப்பவர்களாகவும் வாழ்ந்துவந்தார்கள். புதிதாக வருபவருக்கு ஒரு கட்டிலும் ஒரு வேலையும் கிடைக்கும் அளவுக்கு அந்தச் சமூகம் வேரூன்றியிருந்தது. தாராசிங்குக்குக் கிடைத்தது டிரம் செய்யும் ஆலையில் வேலை. பகலில் அந்த வேலை. மற்ற நேரத்தில், கிரேட் வேர்ல்டு அரங்கில் ஹர்னாம் சிங் என்ற பயிற்சியாளரிடம் மல்யுத்தப் பயிற்சி. உங்கள் தாத்தா சொல்லும் இடமும் இந்த இடமும் ஒன்றே என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இன்றைய தலைமுறைக்குக் கிரேட் வேர்ல்டு என்றால் கிம் செங் சாலையில் உள்ள கடைத்தொகுதிதான் நினைவுக்கு வரும். போருக்கு முன்பும் பின்பும் அங்கே இருந்தது ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா. ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டு, கேலாங்கில் ஹேப்பி வேர்ல்டு, இங்கே கிரேட் வேர்ல்டு என்று மூன்று ‘உலகங்கள்’ இந்தத் தீவின் மாலை நேரங்களை ஆண்டன. ஒரு வாயிலுக்குள் நுழைந்தால் சீன ஓப்பெரா, மலாய் பங்சாவான் நாடகம், ரோங்கெங் நடனம், திரையரங்கு, இராட்டினம், தின்பண்டக் கடைகள், குத்துச்சண்டை மேடை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். சீனர், மலாய்க்காரர், தமிழர், பஞ்சாபியர், விடுமுறையில் வந்த ஆங்கிலேயப் படைவீரர் என எல்லோரும் ஒரே கூட்டத்தில் கலந்து நின்று வேடிக்கை பார்த்த இடங்கள் அன்றைய சிங்கப்பூரில் அதிகம் இல்லை. இவை அத்தகைய இடங்கள்.

நியூ வேர்ல்டையும் கிரேட் வேர்ல்டையும் நடத்திவந்தவர்கள் ஷா சகோதரர்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். திரையரங்குகளையும், பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாசில் மலாய்ப் படங்கள் எடுத்த படப்பிடிப்பு நிலையத்தையும் நடத்தியவர்கள் அவர்களே. அந்த நிலையத்தில் 1940-களின் இறுதியில் இயக்குநர்களாக இருந்தவர்கள் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ் போன்ற இந்தியர்கள், பிற்காலத்தில் மலாய்த் திரையின் பெரும் நட்சத்திரமான பி.ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக நடிக்கவைத்த எல்.கிருஷ்ணன் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். அதாவது தாராசிங் இங்கே பயிற்சி பெற்ற காலத்தில் சினிமா, நாடகம், நடனம், மல்யுத்தம் ஆகியவை தனித்தனித் துறைகளாகப் பிரிந்து நிற்கவில்லை. ஒரே முதலாளி, ஒரே வளாகம், பல நேரம் ஒரே பார்வையாளர். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் பின்னால் விளங்கும்.

அந்த வளாகங்களில் நடந்தது ஊர் மண் குஸ்தி அன்று. ஃப்ரீஸ்டைல் என்று அழைக்கப்பட்ட, கயிறு கட்டிய சதுர மேடையில், மின்விளக்கின் கீழே, சுற்றுக் கணக்கில் நடக்கும் தொழில்முறை மல்யுத்தம். மண் குஸ்தியில் ஒரு நல்ல பிடி கிடைத்தால் சில நொடிகளில் ஆட்டம் முடிந்துவிடும். காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு அது போதாது. தொழில்முறை மல்யுத்தத்துக்குக் கதை வேண்டும். நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன், நடுவர் பார்க்காத நேரத்தில் கெட்டவன் செய்யும் அடாவடி, நல்லவன் விழுந்து கிடக்கும்போது கூட்டத்தின் பதைபதைப்பு, கடைசியில் அவன் எழுந்து திருப்பிக் கொடுப்பது, அல்லது அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுப்பான் என்ற எதிர்பார்ப்போடு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவது என்று அதற்கு ஒரு நெடுங்கால இலக்கணம் உண்டு.

அப்படியானால் அது பொய்யா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். உலகெங்கும் தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்யப்படுவது என்பது இன்று அந்தத் தொழிலில் இருப்பவர்களே ஒப்புக்கொள்ளும் செய்தி. தாராசிங் ஏறத்தாழ 500 போட்டிகளில் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை என்று எங்கும் எழுதப்படுகிறது; அதை ஒலிம்பிக் கணக்குப் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. கதாநாயகன் தோற்காமல் பார்த்துக்கொள்வது அந்தத் தொழிலின் வணிகம். ஆனால் முடிவு பேசிவைக்கப்பட்டது என்பதால் நடுவில் நடப்பதெல்லாம் பாவனை என்று நினைப்பது அதைவிடப் பெரிய பிழை. நூற்றைம்பது கிலோ எடையுள்ள ஒருவர் மேலே வந்து விழும்போது அந்த எடை பாவனையாக இருக்க முடியாது. பலகைமேல் மல்லாந்து விழுகிற முதுகு உண்மையான முதுகு. எதிராளியைக் காயப்படுத்தாமல், காயப்படுத்தியதுபோலக் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் தெரியும்படி வீசத் தெரிய வேண்டும். அதற்கு உடல்வலிமையும் வேண்டும், முகமும் வேண்டும். நம் ஊர் தெருக்கூத்தில் துரியோதனன் விழுவான் என்பது கூட்டத்துக்கு மாலையிலேயே தெரியும். ஆனாலும் விடியும் வரை யாரும் எழுந்து போவதில்லை.

இந்த இலக்கணத்தைத் தாராசிங் கற்றுக்கொண்ட பள்ளி சிங்கப்பூர். பஞ்சாபின் மண்ணில் பிடிகளைக் கற்றவர், கூட்டத்தைப் பிடிக்கக் கற்றது இங்கேதான். தம் மொழி தெரியாத சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் நிறைந்த அரங்கில், ஒரு வார்த்தையும் பேசாமல், தாம் யார், தம் கோபம் நியாயமானதா, தமக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதையெல்லாம் உடம்பாலேயே சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. நடிப்பு என்பதற்கு இதைவிடக் கடுமையான பயிற்சியை எந்த நாடகக் குழுவும் அவருக்கு அளித்திருக்க முடியாது.

பயிற்சிக்குப் பின் அவர் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து மலாயாவின் மல்யுத்த வெற்றிவீரர் என்ற பட்டம் பெற்றார். இந்த வட்டாரத்தில் சில ஆண்டுகள் ஆடிப் பெயர் வாங்கிய பிறகு, 1950-களின் தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். அங்கே 1954-ஆம் ஆண்டு நடந்த, இந்தியாவின் தலைசிறந்த மல்லரைத் தேர்ந்தெடுக்கும் ருஸ்தம்-ஏ-ஹிந்த் போட்டியில் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று, காஷ்மீர் மகாராஜா ஹரிசிங்கின் கையால் வெள்ளிக் கோப்பை பெற்றார். 1959-இல் கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டத்தைக் கைப்பற்றினார். கோர்டியென்கோ பின்னாளில் ஓவியராகப் புகழ்பெற்றார். மல்லர்கள் என்றால் முரடர்கள் என்று நினைப்பவர்கள் அவரைப் பற்றித் தனியே படிக்கலாம்.

ஆனால் நம் பகுதியில் தாராசிங்கின் பெயரோடு பிரிக்க முடியாமல் சேர்ந்த பெயர் கிங்காங். எமில் சாயா என்பது அவருடைய இயற்பெயர். அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் 1909-இல் பிறந்து, ஆசியாவுக்கு வந்து, சிங்கப்பூரையே தம் ஊராக்கிக்கொண்டவர். மலைபோன்ற உடம்பு, தாடி, உறுமல். பிள்ளைகளைப் பயமுறுத்தவே பிறந்தவர்போல் மேடையில் தோன்றுவார். 1970-இல் கார் விபத்தில் காயமடைந்து சிங்கப்பூரிலேயே காலமானார். தாராசிங்கும் இவரும் இந்தியாவிலும் இந்த வட்டாரத்திலும் எத்தனையோ மேடைகளில் மோதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள கிங்காங்கைத் தாராசிங் தலைக்குமேல் தூக்கிச் சுற்றினார் என்ற செய்தி 1950-களின் நடுவில் இந்தியா முழுவதும் பரவியது. அந்தச் செய்திதான் அவரைச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்திலிருந்து தேநீர்க்கடைப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் இங்கேயும் மார்தட்டிப் பேசுகிறவனைப் பார்த்து, ‘பெரிய தாராசிங் என்று நினைப்பா?’ என்று கேட்கும் வழக்கம் எந்தத் தமிழ்ப் படமும் இல்லாமலே வந்துவிட்டது.

என் கணிப்பில் கிங்காங்குக்குத் தாராசிங் பட்ட கடன் பெரிது. நல்லவனின் பெருமை கெட்டவனின் அளவைப் பொறுத்தது. எதிரே நிற்பவர் மலையாக இருந்ததால்தான் தூக்கியவர் அனுமனானார். அதை நன்றாக அறிந்த தொழில்வல்லுநராகக் கிங்காங் ஊர் ஊராகப் போய் வசை வாங்கிக்கொண்டார். அவரைப் பற்றி நம்மவர்கள் இன்னும் எழுதவேண்டியது நிறைய இருக்கிறது.

இனி சினிமா. தாராசிங் 1950-களிலேயே சில இந்திப் படங்களில் மல்லராகவே தலைகாட்டியிருந்தார்; 1955-இல் வந்த ‘பெஹலி ஜலக்’ அவற்றில் ஒன்று. கதாநாயகனாக அவர் வந்தது 1962-இல் பாபுபாய் மிஸ்திரி இயக்கிய படத்தில். அந்தப் படத்தின் பெயர் ‘கிங்காங்’ என்பதிலிருந்தே, தயாரிப்பாளர்கள் எதை நம்பிப் பணம் போட்டார்கள் என்பது தெரியும். மேடையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு கதையின் புகழைத் திரைக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு வந்த ‘ஃபௌலாத்’ அவரை உறுதியாக நிலைநிறுத்தியது.

அதன்பின் சில ஆண்டுகள் அவர் நடித்த படங்களின் பெயர்களைப் பார்த்தாலே அவற்றின் போக்கு விளங்கிவிடும்: ‘சாம்சன்’, ‘ஹெர்குலிஸ்’, ‘ருஸ்தம்-ஏ-ரோம்’, ‘பாக்சர்’, ‘டார்சான் கம்ஸ் டு டெல்லி’. பம்பாயில் 1930-களிலிருந்தே வாடியா சகோதரர்கள் நாடியா என்ற வீராங்கனையை வைத்துச் சண்டைப்படங்கள் எடுத்துவந்த மரபு ஒன்று இருந்தது. குறைந்த செலவு, அட்டையில் செய்த அரண்மனை, நிறையத் தாவல். அந்த மரபின் 1960-களின் வாரிசு தாராசிங். நகரத்து விமர்சகர்கள் இவற்றை இரண்டாந்தரப் படங்கள் என்று ஒதுக்கினார்கள். சிற்றூர்க் கொட்டகைகளில் இவை நன்றாக ஓடின. உச்சத்தில் இருந்தபோது ஒரு படத்துக்கு அவர் ஏறத்தாழ 4 இலட்சம் ரூபாய் வாங்கினார் என்பார்கள். அன்றைய நிலவரத்தில் சண்டைப்பட நடிகர் ஒருவருக்கு அது மிகப்பெரிய தொகை.

இந்தப் படங்களில் இன்னொரு சிக்கல் இருந்தது. முன்னணி நடிகைகள் ஒரு பயில்வானுக்கு இணையாக நடிக்கத் தயங்கினார்கள். அந்த இடத்துக்கு வந்தவர், அதுவரை சிறு வேடங்களில் நடித்துவந்த மும்தாஜ். இருவரும் 16 படங்களில் சேர்ந்து நடித்தார்கள். பிறகு மும்தாஜ் ராஜேஷ் கன்னாவுக்கு இணையாக இந்தித் திரையின் உச்சிக்குப் போனார். அவருடைய ஏணியின் முதல் படிகள் இந்த ‘இரண்டாந்தர’ படங்களில்தான் இருந்தன.

இரண்டு படங்களைப் பற்றி மட்டும் தனியே சொல்ல விரும்புகிறேன். 1965-இல் வந்த ‘சிக்கந்தர்-ஏ-ஆசம்’ படத்தில் தாராசிங் மாவீரன் அலெக்சாந்தராக நடித்தார். எதிரே போரஸ் மன்னராக நின்றவர் பிருதிவிராஜ் கபூர். 1941-இல் சோரப் மோடியின் ‘சிக்கந்தர்’ படத்தில் இதே பிருதிவிராஜ்தான் அலெக்சாந்தர். நாடக மேடையில் ஊறிய அந்தக் குரலுக்கு முன்னால் தாராசிங்கின் வசனம் எடுபடவில்லை என்பது உண்மை. அவர் பேசிய இந்தியில் பஞ்சாபி வாடை கடைசிவரை போகவேயில்லை. ஆனால் ஓசையை நிறுத்திவிட்டுப் பார்த்தால், நிற்பதிலும் திரும்புவதிலும் அவரிடம் ஒரு மன்னனின் நிதானம் இருக்கிறது.

மற்றொன்று 1967-இல் வந்த ‘சாந்த் பர் சடாயீ’. மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தாராசிங் திரையில் நிலவுக்குப் போய் அங்குள்ளவர்களோடு மல்லுக்கட்டுகிறார். இயக்கியவர் டி.பி.சுந்தரம். வேற்றுக்கிரகவாசிகள் வரும் ‘கலை அரசி’ தமிழில் 1963-இலேயே எம்.ஜி.ஆர். நடித்து வந்துவிட்டது என்பதால் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அறிவியல் எந்தப் படத்தில் அதிகம் என்ற ஆராய்ச்சிக்கு மட்டும் போகாமல் இருப்பது நல்லது.

தமிழ்த்திரையில் இதற்கு இணையான ஒருவர் உண்டா என்றால், முழு இணை இல்லை. அருகில் வருபவர் சாண்டோ சின்னப்பா தேவர். கோயம்புத்தூரில் உடற்பயிற்சிக்கூடம் மூலம் உருவாகி, சிறு வேடங்களில் நடித்து, பின்னர் எம்.ஜி.ஆரை வைத்துத் தொடர்ந்து படம் எடுத்த தயாரிப்பாளரானவர் அவர். 1971-இல் ‘ஹாத்தி மேரே சாத்தி’ எடுத்து இந்தியிலும் வென்றார். ஆனால் தேவரின் உடம்பு அவரைத் திரைத்துறைக்குள் கொண்டுவந்து விட்டதோடு சரி. அதன்பின் அவரை நடத்தியது வணிக மூளை. தாராசிங்குக்கோ உடம்பே கடைசிவரை மூலதனம்.

இங்கேதான் இன்றைய மல்லர்-நடிகர்களுக்கும் அவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு. டுவெய்ன் ஜான்சன், டேவ் பட்டிஸ்டா, ஜான் சீனா ஆகியோரை நீங்கள் திரையில் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். அவர்கள் பெரும்பாலும் மேடையில் பெயரெடுத்து, பிறகு மேடையிலிருந்து விலகித் திரைக்கு வந்தவர்கள். எப்போதாவது திரும்பிப்போய் முகம் காட்டுவார்கள். தாராசிங் அப்படி ஒன்றை விட்டு ஒன்றுக்கு வரவில்லை. 1962-இலிருந்து 1983 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல், இரண்டு தொழில்களையும் ஒரே நேரத்தில் செய்தார். படங்களில் அவர் தொடர்ந்து நடித்துக்கொண்டிருந்த 1968-ஆம் ஆண்டு மே 29 அன்றுதான் பம்பாயில் அமெரிக்காவின் லூ தீஸை வென்று உலகப் பட்டம் பெற்றார்.

அந்தப் போட்டியையும் உங்கள் கேள்வியின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தீஸுக்கு அப்போது வயது 52. ஆயினும் அவர் சாதாரண ஆள் அல்லர். நிஜமாகவே எலும்பை முறிக்கும் பிடிகளை அறிந்தவர், தமக்கு விருப்பமில்லாதவரிடம் தோற்றுக்கொடுக்க மறுக்கும் வல்லமை உடையவர் என்று அந்தத் தொழிலில் மதிக்கப்பட்டவர். தாராசிங் அசலான மல்லர், உடலை மிகச் சிறப்பாக வைத்திருந்தவர், அவரிடம் தோற்பதில் தமக்கு மனத்தடை எதுவும் இருக்கவில்லை என்ற பொருளில் பின்னாளில் தீஸ் எழுதினார். கூர்ந்து படித்தால் இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. தோல்வி பேசித் தீர்மானிக்கக்கூடியதாக இருந்தது என்பது ஒன்று. அந்தத் தோல்வியைப் பெறுவதற்கு எதிரே நிற்பவர் தகுதியுள்ளவராக இருக்க வேண்டியிருந்தது என்பது மற்றொன்று. நிஜமா நாடகமா என்பதற்கு இதைவிட நேர்மையான விடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1970-இலிருந்து அவருடைய நடிப்பு வேறு தளத்துக்கு நகர்ந்தது. ராஜ் கபூரின் ‘மேரா நாம் ஜோக்கர்’ படத்தில் சர்க்கஸ்காரராக வந்தார். அடுத்த ஆண்டு ‘ஆனந்த்’ படத்தில் குஸ்திக் கூடத்து ஆசானாகச் சிறிது நேரமே வருகிறார். மிரட்டல்காரர்களை விரட்ட அவருடைய உதவி தேவைப்படுகிறது. அந்தச் சில நிமிடங்கள்தான் நடிகராக அவருடைய மிகச் சிறந்த நிமிடங்கள் என்பேன். அடிக்கத் தேவையே இல்லாத ஒருவரின் அமைதி அந்த முகத்தில் இருக்கிறது. அவருடைய பழைய படங்களின் இயக்குநர்கள் தோள்களைப் படம்பிடித்தார்கள். ‘ஆனந்த்’ படத்தை இயக்கிய இருஷிகேஷ் முகர்ஜி சிரிப்பைப் படம்பிடித்தார். இதே காலத்தில் அவர் பஞ்சாபியில் ‘நானக் துகியா சப் சன்சார்’ என்ற படத்தைத் தாமே இயக்கினார். 1978-இல் மொஹாலியில் தம் பெயரிலேயே படப்பிடிப்பு நிலையமும் தொடங்கினார்.

அனுமன் வேடம் அவருக்கு முதலில் கிடைத்தது தொலைக்காட்சியில் அன்று. 1976-இல் வந்த ‘பஜ்ரங்பலி’ திரைப்படத்தில். இதனால்தான், ராமானந்த் சாகர் தூர்தர்ஷனுக்காக இராமாயணம் எடுக்கத் தொடங்கியபோது அவருடைய மனத்தில் வேறு பெயர் வரவில்லை. அறுபதை நெருங்கிய வயதில் அனுமனாகத் தாவினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று தாராசிங் தயங்கியதாக அவருடைய மகன் விந்து சொல்லியிருக்கிறார். 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலைகளில் அந்தத் தொடர் ஓடியபோது இந்தியத் தெருக்கள் வெறிச்சோடியது எல்லோரும் அறிந்த கதை.

அந்த வேடம் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்று யோசித்தால், மறுபடியும் மேடைதான் விடையாகிறது. முகத்தின் பாதியை ஒப்பனை மூடிவிடுகிறது. வசனத்தில் அவர் வல்லவர் அல்லர். மிஞ்சியிருப்பவை கண்களும் உடம்பும். கைகட்டி நிற்கும்போது பணிவு, கதாயுதத்தைத் தூக்கும்போது சினம், இராமனைப் பார்க்கும்போது குழந்தைத்தனம் என்று ஒவ்வொன்றையும் உடம்பாலேயே பிரித்துக் காட்டுகிறார். கம்பன் காட்டும் அனுமன் சொல்லின் செல்வன். தாராசிங்கின் அனுமனுக்கு அந்தப் பட்டம் பொருந்தாது. கம்பனில் தோய்ந்த நம் பெரியவர்கள் சிலர் அதைக் குறையாகவே சொல்வதைக் கேட்டிருக்கிறேன், நியாயமான குறைதான். ஆனால் மொழி புரியாதவர்களும் அந்த அனுமனைப் புரிந்துகொண்டார்கள் என்பதும் உண்மை. மொழி புரியாத கூட்டத்துக்கு ஆடிக்காட்டிப் பழகியவர் வேறு எப்படி ஆடுவார்?

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983 ஜூன் மாதம் டெல்லியில் நடந்த போட்டியோடு குஸ்தியிலிருந்து ஓய்வுபெற்றார். அப்போதைய குடியரசுத்தலைவர் ஜெயில் சிங் கோப்பை வழங்கினார். 1985-இல் ‘மர்த்’ படத்தில் பறக்கும் விமானத்தைக் கயிறு வீசிப் பிடித்து நிறுத்தினார். அதே ஆண்டு சிபி மலையிலின் ‘முத்தாரங்குன்னு பி.ஓ.’ என்ற மலையாளப் படத்தில் தாராசிங்காகவே வந்து போனார். 2003 முதல் 2009 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 2007-இல் வந்த ‘ஜப் வி மெட்’ படத்தில் பஞ்சாபிக் குடும்பத்தின் தாத்தாவாக அவரை இளைய தலைமுறை பார்த்தது. மாரடைப்புக்குப் பின், 2012 ஜூலை 12 அன்று மும்பையில் தம் இல்லத்தில் காலமானார், வயது 83. 2018-இல் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த நிறுவனம் தன் புகழரங்கின் மரபுப் பிரிவில் அவருடைய பெயரைச் சேர்த்தது.

உங்கள் தாத்தாவின் நினைவை உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால் வழி இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பில் ‘தமிழ் முரசு’ உட்பட அக்காலத்து நாளிதழ்களை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். அதற்கு முன் அவரிடம் சில விவரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் பார்த்தது தாராசிங் இங்கேயே வாழ்ந்த 1940-களின் இறுதியா, இல்லை புகழ்பெற்றபின் வந்துபோன காலமா, அரங்கு கிம் செங் சாலையிலா, கேலாங்கிலா, எதிரே நின்றவர் யார். முதியவர்கள் ஆண்டை மறந்தாலும் எதிராளியை மறப்பதில்லை. கிங்காங் என்று சொன்னால் அந்தப் பெயரைக் கொண்டே தேடுங்கள். 1933-இல் வந்த குரங்குப் படத்தின் விளம்பரங்களும் கூடவே வந்து குவியக்கூடும், அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்க்கும் பொறுமை மட்டும் வேண்டும்.